1855 சென்னை சித்திரவதை விசாரணை: குற்றத்தை ஒப்புக்கொண்ட அரசு பொறுப்பை எங்கே இறக்கிவைத்தது?

ஏட்டுச்சுவடி:

ஆறு மாதமாக ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் ஒரே ஓர் அறிக்கையைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். சென்னை மாகாணத்தில் சித்திரவதை நடக்கிறது என்ற குற்றச்சாட்டை விசாரித்த கமிஷனின் அறிக்கை அது. 1855-இல் ஜார்ஜ் கோட்டை கெஜட் அச்சகத்தில் அச்சானது. தன்னைப் பற்றி எழுந்த குறைகூறலுக்கு ஓர் அரசு எப்படிப் பதில் சொல்கிறது என்று பார்க்க இதைவிடத் தெளிவான ஆவணம் என் கண்ணில் பட்டதில்லை. படித்தவர்களோடு பேசிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பின்னணி இதுதான். கஜுல லட்சுமிநரசு செட்டி 1844 முதல் சென்னையில் 'கிரசன்ட்' என்ற பத்திரிகையை நடத்திவந்தார். 1852-இல் சென்னை சுதேசிச் சங்கத்தைத் தொடங்கினார். வரிச்சுமை, நீதி கிடைப்பதில் உள்ள இழுபறி, அதிகாரிகளின் கெடுபிடி எல்லாவற்றையும் சொல்லிச் சங்கம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பியது. டான்பி சீமோர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் நேரில் பார்க்கவே கப்பல் ஏறி வந்தார். செட்டி அவரை வெளியூர்களுக்கு அழைத்துப் போனார். 1854 ஜூலையில் காமன்ஸ் சபையில் இது வெடித்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக வரி வசூலிக்க இந்தியக் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்று அங்கே சொன்னபோது பலர் நம்ப மறுத்தார்கள்.

மறுப்பு நீடிக்கவில்லை. விசாரிக்கும்படி சென்னை அரசுக்கு உத்தரவு வந்தது. எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவரும் கமிஷனர்கள். (எலியட் அப்போது சென்னையின் தலைமை மாஜிஸ்திரேட், போலீஸ் சூப்பிரண்டெண்டும் அவரே. பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை இவர் பெயரில்தான் இருக்கிறது.) கடந்த ஏழு ஆண்டுகளுக்குள் நடந்தவற்றை மட்டுமே எடுத்துக்கொள்வது என்று வரையறுத்தார்கள். புகார் கொடுக்க மூன்று மாத அவகாசம். அதற்குள் புகார் கொடுத்தவர்கள் 1,959 பேர். அவர்களில் 519 பேர் எழுதி அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கவில்லை. நேரிலேயே வந்து நின்றார்கள். ரயில் இல்லாத காலம். பலர் நூற்றுக்கணக்கான மைல் கடந்து வந்திருக்கிறார்கள்.

வரி வசூலிலும் சரி, போலீஸ் விசாரணையிலும் சரி, சித்திரவதை மாகாணம் முழுக்க நடக்கிறது என்று கமிஷன் ஒப்புக்கொண்டது. மழுப்பவில்லை. ஆனால் முடிவுரையில் ஒரு வாக்கியம் வருகிறது. தங்கள் நாட்டவரின் கொடுமையிலிருந்து காப்பாற்றுங்கள் என்றுதான் மக்கள் கதறுகிறார்கள், ஐரோப்பிய அதிகாரிகளின் இரக்கமின்மையிலிருந்தோ பாராமுகத்திலிருந்தோ காப்பாற்றும்படி அல்ல என்பது அதன் சாரம்.

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் முழு அறிக்கையும் எழுதப்பட்டது என்பது என் எண்ணம். மறுத்துப் பேச வருபவர்களை வரவேற்கிறேன்.

தென்னங்கீற்று:

மறுக்கவே வந்தேன். நீங்கள் அந்த மூவருக்கும் அநியாயம் செய்கிறீர்கள், நண்பரே.

நார்ட்டன் அரசின் கைப்பாவை அல்ல. தென்னிந்தியாவில் நீதி நிர்வாகம் எவ்வளவு சீர்கெட்டுக் கிடக்கிறது என்று 1853-லேயே கடுமையாக எழுதி அச்சிட்டவர். அப்படிப்பட்ட ஒருவரைக் கமிஷனில் உட்காரவைத்தார்கள். ஓர் அரசு தன் மீதான புகார்களைத் தன் அச்சகத்திலேயே அச்சிட்டு வெளியிடுகிறது. அந்தக் காலத்தில் வேறெந்தப் பேரரசு இதைச் செய்தது என்று சொல்லுங்கள். விசாரணையோடு நிற்கவும் இல்லை. 1859-இல் சென்னைப் போலீஸ் சட்டம் வந்தது. தாசில்தார் கையில் இருந்த காவல் பணி தனித் துறையாகப் பிரிந்தது. 1861-இல் அதே முறை நாடு முழுவதற்கும் போனது. புகார் சொன்னார்கள், விசாரித்தார்கள், ஒப்புக்கொண்டார்கள், மாற்றினார்கள். இதற்கு மேல் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கசப்பாக இருந்தாலும். கிட்டி என்ற வதைக் கட்டையைப் பிடித்த கை நம் கைதானே? மணியக்காரரும் சேவகரும் தாசில்தாரும் இந்த ஊர்க்காரர்கள்தானே? கமிஷன் அதைச் சொன்னால் அது எப்படிப் பொய்யாகும்?

ஏட்டுச்சுவடி:

பொய் என்று நான் சொல்லவில்லை. கை நம் ஊர்க் கை என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. அந்தக் கையை அசைத்தது எது என்பதுதான் கேள்வி.

அறிக்கையின் இணைப்பில் ஒரு மனு இருக்கிறது. கார்ல் மார்க்ஸ் 1857 செப்டம்பரில் நியூயார்க் டெய்லி டிரிப்யூனில் இந்த அறிக்கையைப் பற்றி எழுதியபோது இதையும் எடுத்துக் கொடுத்தார். மனுக்காரர் சொல்வதை என் தமிழில் சுருக்கித் தருகிறேன்:

மழையில்லாமல் பிசானமும் மற்றப் பயிரும் பொய்த்துவிட்டன. வழக்கம்போல் தீர்வை (நிலவரி) கட்ட முடியவில்லை. ஜமாபந்தியில் (ஆண்டு வரிக் கணக்கு முடிக்கும்போது) வஜா, அதாவது வரித் தள்ளுபடி, கேட்டோம். 1837-இல் ஈடன் துரை கலெக்டராக இருந்தபோது செய்துகொண்ட உடன்படிக்கையில் அதற்கு இடம் உண்டு. வஜா கொடுக்கவில்லை. ஆகவே பட்டா வாங்க மறுத்தோம். ஜூன் முதல் ஆகஸ்டு வரை தாசில்தார் எங்களை வதைத்தார். வெயிலில் குனிய வைத்து முதுகில் கல்லேற்றினார்கள். சுடுமணலில் நிறுத்தினார்கள். எட்டு மணிக்கு மேல்தான் சோற்றுக்கு விட்டார்கள். கலெக்டரிடம் மனு கொண்டுபோனோம், வாங்க மறுத்துவிட்டார். அதே மனுக்களை செஷன்ஸ் கோர்ட்டில் கொடுத்தோம். கோர்ட் அவற்றைக் கலெக்டருக்கே அனுப்பிவைத்தது. செப்டம்பரில் நோட்டீஸ் வந்தது. 25 நாளில் எங்கள் உடைமைகளை ஜப்தி செய்து பிறகு விற்றார்கள். எங்கள் பெண்களையும் விட்டுவைக்கவில்லை. அவர்கள் மார்பில் கிட்டி போட்டார்கள்.

இதில் ஐரோப்பியர் எங்கே வருகிறார் என்று பாருங்கள். அடித்த இடத்தில் அவர் இல்லை. வஜா மறுத்த இடத்தில் இருக்கிறார், மனுவை வாங்காத இடத்தில் இருக்கிறார், மனுவைத் திருப்பி அனுப்பிய நீதிமன்றத்தில் இருக்கிறார், கடைசியில் ஜப்தி உத்தரவிலும் இருக்கிறார். இதைத் தன் அறிக்கையிலேயே அச்சிட்டுவிட்டு, ஐரோப்பிய அதிகாரிகள் மீது மக்களுக்குக் குறையில்லை என்று எப்படி முடிவு எழுத முடிந்தது? இந்தக் கேள்வியோடு எத்தனையோ இரவு உட்கார்ந்திருக்கிறேன்.

பொருநைக்கரை:

தம்பி, பிசானம் என்ற சொல்லைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். கார், பிசானம் என்று இரண்டு போகத்தைப் பெயர் சொல்லி அழைக்கிறவர்கள் தாமிரபரணிக் கரைக்காரர்கள். தஞ்சைக்காரர்கள் குறுவை, சம்பா என்பார்கள். மனுக்காரரின் பெயர் தெரியாவிட்டாலும் அவர் எங்கள் பக்கத்து ஆள் என்பதை அந்த ஒரு சொல்லே காட்டிக்கொடுத்துவிட்டது. ஈடன் திருநெல்வேலியில் கலெக்டராக இருந்தவர், அதுவும் பொருந்துகிறது. 170 ஆண்டுக்கு முன் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வராத ஒரு வருஷத்தைப் பற்றி ஜெர்மன்காரர் ஒருவர் லண்டனில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். கை நடுங்குகிறது.

கிட்டி என்றால் என்னவென்று இளைஞர்களுக்குத் தெரிந்திருக்காது. இரண்டு கட்டைகளை ஒரு முனையில் இணைத்து நடுவில் விரலையோ தொடையையோ வைத்து நெரிப்பது. அறிக்கை அதை எலுமிச்சம்பழம் பிழியும் கருவிபோல என்று வர்ணிப்பதாகப் படித்திருக்கிறேன். 'அனுண்டால்' என்று ஆங்கிலத்தில் எழுதிவைத்திருப்பது நம் அண்ணாந்தாள். கழுத்துக்கும் காலுக்கும் கயிறு போட்டுக் குனிந்த நிலையிலேயே கட்டிவைப்பது. என் அப்பா திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். பையன்களுக்கு அங்கே அண்ணாந்தாள் பூட்டுவார்களாம். சிறுவயதில் அதை ஒரு விளையாட்டுச் செய்திபோலக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். இன்று அந்தச் சிரிப்பை நினைத்தால் தொண்டையில் ஏதோ அடைக்கிறது.

கறுப்பு அங்கி:

வழக்கறிஞர் என்ற முறையில் ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். இந்த விசாரணையின் நிழல் இன்றும் எங்கள் கையில் இருக்கும் புத்தகத்தில் விழுந்து கிடக்கிறது.

1860-இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 330-ஆம் பிரிவு, வாக்குமூலம் பெறுவதற்காகவோ உடைமையை மீட்பதற்காகவோ காயப்படுத்துவதைத் தண்டித்தது. பிரிவைவிட அதன் கீழே உள்ள எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள். ஒரு போலீஸ் அதிகாரி ஒருவரைக் குற்றத்தை ஒப்புக்கொள்ளும்படி சித்திரவதை செய்கிறார். ஒரு வருவாய் அதிகாரி தீர்வை பாக்கியைக் கட்டும்படி சித்திரவதை செய்கிறார். சட்டப் புத்தகத்தின் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் கற்பனை. இவை அப்படி அல்ல. இதுபோன்றவை இங்கே பலரின் உடம்பில் நடந்தன.

அடுத்து, போலீசிடம் கொடுத்த வாக்குமூலத்தைச் சாட்சியமாகக் கொள்ளக் கூடாது என்ற விதி. 1861 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வந்து, 1872 சாட்சியச் சட்டத்தில் 25, 26-ஆம் பிரிவுகளாக நிலைத்தது. தன் போலீசைத் தானே நம்பவில்லை என்று ஓர் அரசு சட்டமாகவே எழுதிவைத்த இடம் இது. ஆனால் பக்கத்திலேயே 27-ஆம் பிரிவு நின்றது. போலீஸ் காவலில் இருப்பவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கிடைத்தால், அந்தப் பொருள் தொடர்பாக அவர் சொன்ன அளவுக்குச் சாட்சியமாக ஏற்கலாம். முன்கதவைச் சாத்திவிட்டுக் கொல்லைப்புறக் கதவைத் திறந்துவைத்த கதை. நான் நடத்திய வழக்குகளில் கட்சிக்காரர் "எடுத்துக் காட்டிய" கத்தி எத்தனை முறை மேசைக்கு வந்திருக்கிறது என்பதற்குக் கணக்கே இல்லை.

ஆகவே தென்னங்கீற்று சொல்வதில் பாதி உண்மை உண்டு. விசாரணை வீண்போகவில்லை. 25-ஆம் பிரிவு எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. அதற்காக நன்றிப் பட்டயம் எழுதிக் கொடுக்க நான் தயாராக இல்லை.

தென்னங்கீற்று:

பாதியாவது ஒப்புக்கொண்டதற்கு நன்றி, அம்மா. ஏட்டுச்சுவடி கொடுத்த மனு என்னைச் சும்மா விடவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். செஷன்ஸ் கோர்ட் கலெக்டருக்கே திருப்பி அனுப்பியது என்ற வரியை இரண்டு முறை படித்தேன்.

இருந்தாலும் ஒரு கேள்வி. கலெக்டர்கள் கொடியவர்கள் என்பதைவிட, கையளவு வெள்ளைக்காரர்கள் பெரிய மாவட்டங்களைப் பார்த்தார்கள், கீழே நடப்பது அவர்களுக்கு எட்டவில்லை என்பதுதானே நியாயமான விளக்கம்?

ஏட்டுச்சுவடி:

எட்டவில்லையா, எட்டாதபடி அமைத்துக்கொண்டார்களா என்று பார்ப்போம்.

பின்னாளில் சென்னை கவர்னரான தாமஸ் மன்றோ கொண்டுவந்த 1816 ஒழுங்குமுறைகள் கலெக்டரையே மாஜிஸ்திரேட் ஆக்கின. தாசில்தார் வரி வசூலிப்பவர், அவரே போலீஸ் தலைவரும். கிராமத்தில் மணியக்காரருக்கும் அதே இரட்டை வேலை. உங்களிடம் பாக்கி கேட்டு நிற்பவரிடம்தான் அவரைப் பற்றிய புகாரையும் கொடுக்க வேண்டும். அவரைத் தாண்டிக் கலெக்டரிடம் போக வேண்டுமென்றால் நாள்கணக்கில் நடக்க வேண்டும், வழிச்செலவு வேண்டும், உழவு கெடும். தபாலில் எழுதினால் "தாசில்தாரிடம் போ" என்று மேலெழுத்துப் போட்டு மனுவைத் திருப்பிவிடுவார்கள். இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்குப் பரிகாரம் கிடைப்பதில் உள்ள சிரமம் தங்களை மிகவும் வருத்தியதாகக் கமிஷனே எழுதுகிறது. அத்தனையும் தாண்டி ஒரு தாசில்தாரின் குற்றம் மெய்ப்பட்டால் கலெக்டர் கொடுக்கக்கூடிய தண்டனை 50 ரூபாய் அபராதம் அல்லது ஒரு மாதச் சிறை. அதற்கு மேல் வேண்டுமென்றால் வழக்கை கிரிமினல் நீதிபதிக்கு அனுப்ப வேண்டும்.

வரி எவ்வளவு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ரயத்துவாரியில் (குடியானவரிடமே அரசு நேராக வரி வாங்கும் முறை) தீர்வை தாங்க முடியாத அளவில் இருந்தது. அதை அரசும் உணர்ந்தது. 1850-களின் பிற்பாதியில் புதிய நில அளவையும் தீர்வைத் திருத்தமும் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். விளையாத வயலுக்குத் தொகை குறித்துவிட்டு, அதை எப்படியாவது கொண்டுவா என்று கீழே உள்ளவனிடம் சொல்கிறீர்கள். அவன் எப்படிக் கொண்டுவருகிறான் என்று கேட்பதில்லை. குறைந்தால் அவன் வேலை போகும். இதில் மேலே இருப்பவருக்குத் தெரியாது என்பது தற்செயலாக நேர்ந்த அறியாமை அல்ல. அந்த ஏற்பாடு ஓடுவதற்கே அது தேவைப்பட்டது.

டல்ஹவுசி 1855 செப்டம்பரில் என்ன எழுதினார் தெரியுமா? பிரிட்டிஷ் ஆட்சியின் ஒவ்வொரு மாகாணத்திலும் ஏதோ ஒரு வடிவில் கீழ்நிலை ஊழியர்கள் சித்திரவதை செய்கிறார்கள் என்பதில் தனக்கு வெகுகாலமாகச் சந்தேகம் இல்லை என்று. வெகுகாலமாக! கவர்னர் ஜெனரலுக்குத் தெரிந்தது சென்னைக் கலெக்டர்களுக்கு மட்டும் எட்டவில்லை என்றா சொல்கிறீர்கள்?

செங்காந்தள்:

இந்தத் தளத்தில் நான் அதிகம் எழுதுவதில்லை. இதைப் படித்துவிட்டு அறிக்கையை நானும் தேடி எடுத்தேன். வரி வசூலுக்குப் பயன்படுத்திய வதைகளை ஒரு பத்தியில் அடுக்கியிருக்கிறார்கள். வெயிலில் நிறுத்துவது, சாப்பிட விடாமலும் வெளிக்குப் போக விடாமலும் தடுப்பது, காதைத் திருகுவது, முழங்கால் மடிப்பில் செங்கல் துண்டு வைத்துக் குந்தவைப்பது, இரண்டு பாக்கிதாரர்களின் தலையை ஒன்றோடொன்று மோதுவது, தலைமுடியைக் கழுதை வாலிலோ எருமை வாலிலோ கட்டுவது, கழுத்தில் எலும்பு மாலை போடுவது.

நடுவில் ஒன்று வருகிறது: தாழ்ந்த சாதிக்காரன் ஒருவனை முதுகில் ஏற்றுவது.

நான் அந்த இடத்தில் நின்றுவிட்டேன். பட்டியலில் முன்னும் பின்னும் இருப்பவை கல், செங்கல், கழுதை, எலும்பு. அந்த வரிசையில் ஒரு மனிதர். அவரையும் ஒரு பொருளாகத்தான் எண்ணியிருக்கிறார்கள். பட்டாதாரருக்கு அது அவமானம் என்று கமிஷன் புரிந்துகொண்டது. முதுகில் ஏற்றப்பட்டவருக்கு அது என்னவாக இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் எந்தத் தெருவிலிருந்து இழுத்துவரப்பட்டார், அன்றைய கூலி போயிற்றா, மறுநாள் அதே பட்டாதாரரின் வயலில் வேலைக்குப் போனபோது அவருக்கு என்ன நேர்ந்தது? 1,959 புகாரில் அது ஒரு புகாராகவே எண்ணப்பட்டிருக்காது.

தென்னங்கீற்று "நம் கை" என்றார். ஏட்டுச்சுவடி "அந்தக் கையை அசைத்தது எது" என்றார். இரண்டு பேருடைய "நாம்" என்பதிலும் அந்த மனிதருக்கு இடம் இருக்கிறதா என்று கேட்கத் தோன்றுகிறது. வெள்ளைக்காரர் பழியைச் சுதேசிகள் தலையில் போட்டார், உண்மை. ஆனால் சுதேசிகள் என்று ஒரே கூட்டம் இருந்ததில்லை. கிட்டியைச் செய்து கொடுத்தது கம்பெனி அல்ல. அது அதற்கு முன்பே ஊரில் இருந்தது.

பொருநைக்கரை:

மகளே, நீ எழுதியதற்குப் பதில் எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். என் பாட்டனார் கிராம முன்சீப் வேலை பார்த்த குடும்பம். மேலே நான் "எங்கள் பக்கத்து ஆள்" என்று மனுக்காரரைச் சொந்தம் கொண்டாடினேன். அவர் முதுகில் ஏற்றப்பட்டவரும் எங்கள் பக்கத்து ஆள்தான். அவரை நான் நினைக்கவே இல்லை. நீ சொல்லித்தான் தெரிகிறது.

ஏட்டுச்சுவடி:

செங்காந்தள், அந்தப் பத்தியை நான் குறைந்தது பத்து முறை படித்திருப்பேன். அந்த வரியைத் தாண்டித் தாண்டியே போயிருக்கிறேன். என் தவறு. கமிஷனின் வாக்கியத்தில் வரும் "தங்கள் நாட்டவர்" என்ற சொல் மறைப்பது கலெக்டரை மட்டும் அல்ல என்பதை உங்களால் கற்றுக்கொண்டேன்.

கடலோடி:

விவாதம் சென்னையோடு நின்றுவிட வேண்டாம் என்பதற்காக இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன். அரசு எல்லா முறையும் ஒரே பதிலைச் சொல்லவில்லை என்பதால் இவை முக்கியம்.

1875-இல் ஆக்ராவில் ஃபுல்லர் என்ற ஆங்கிலேய வக்கீல் தன் குதிரைக்காரர் கட்வாருவை அடித்தார். கட்வாரு இறந்துபோனார். மண்ணீரல் வீங்கியிருந்தது, அடிபட்டதில் கிழிந்துவிட்டது என்றார்கள். மலேரியா நாட்டில் இந்த மண்ணீரல் வாதம் எத்தனையோ ஐரோப்பியர்களைக் காப்பாற்றியது. ஃபுல்லருக்கு மாஜிஸ்திரேட் விதித்தது 30 ரூபாய் அபராதம். அலகாபாத் உயர் நீதிமன்றமும் அதைப் பெரிய குறையாகக் கருதவில்லை. அடுத்த ஆண்டு வைசிராயாக வந்த லிட்டன், ஏழைகளின் நண்பர் என்று பெயரெடுத்தவர் அல்லர். அவரே 1876-இல் ஒரு குறிப்பு எழுதி மாஜிஸ்திரேட்டையும் உயர் நீதிமன்றத்தையும் கண்டித்தார். ஐரோப்பியர்களின் பத்திரிகைகள் லிட்டன் மீது பாய்ந்தன. ஆக, தன் நீதிமன்றத்தைத் தானே கண்டித்த அரசும் அதே அரசுதான்.

அடுத்தது நேர்மாறானது. 1902-03 போலீஸ் கமிஷன், ஆண்ட்ரூ ஃபிரேசர் தலைமையில் விசாரித்து, போலீசை ஊழல் மிக்கது, கொடுமைக்கார அமைப்பு என்று பொதுமக்கள் கருதுவதாக எழுதியது. அரசே நியமித்த கமிஷன், அரசே வெளியிட்ட அறிக்கை. சில ஆண்டு கழித்து ஃபிரெடெரிக் மக்கார்னஸ் என்ற ஆங்கிலேய லிபரல் அரசியல்வாதி இந்தியப் போலீசின் முறைகளைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். இந்தியாவில் அதைப் புதிய பத்திரிகைச் சட்டத்தின் கீழ் 1910-இல் தடைசெய்தார்கள். கமிஷன் சொன்னால் அறிக்கை, வெளியாள் சொன்னால் ராஜதுரோகத்துக்குத் தூண்டுதல்.

பொருநைக்கரை:

ராஜதுரோகம் என்றதும் எங்கள் ஊர்க் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1908 ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு இரட்டை ஆயுள் நாடுகடத்தல் தண்டனை விதித்தார். லண்டனில் இந்தியா மந்திரியாக இருந்த மார்லி அந்தக் காலத்துக் கடுமையான தண்டனைகளைக் கண்டு மனம் கலங்கி வைசிராய் மின்டோவுக்குக் கடிதம் எழுதினார். தனிக் கடிதத்தில் அவ்வளவு வருத்தம். வெளியே அந்த ஆட்சிக்கு அவரே பொறுப்பாளி. உயர் நீதிமன்றம் தண்டனையைக் குறைத்தது உண்மைதான். ஆனால் மார்லியின் வருத்தம் கோவைச் சிறைச் செக்கிலிருந்து பிள்ளையவர்களை ஒரு நாள்கூட அவிழ்த்துவிடவில்லை.

ஏட்டுச்சுவடி:

கடலோடி, ஃபுல்லர் வழக்கு நல்ல எதிர் எடுத்துக்காட்டு. லிட்டன் எழுதியது துணிச்சலான காரியம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஃபுல்லரின் தண்டனை 30 ரூபாயோடு நின்றது. கண்டனம் மாஜிஸ்திரேட்டின் பதவி உயர்வைத்தான் தொட்டது. கட்வாருவின் வீட்டை அது தொடவில்லை. அண்ணாச்சி சொன்ன மார்லி கடிதமும் அப்படியே. மனம் வருந்தும் அதிகாரி ஒருவர் எப்போதும் எங்கேயோ இருந்திருக்கிறார். அவர் வருந்தியதே அரசு மனசாட்சியுள்ளது என்பதற்குச் சாட்சியாகிவிடுகிறது. அடிபட்டவர் அடிபட்ட இடத்திலேயே கிடக்கிறார்.

தென்னங்கீற்று:

என் நிலையிலிருந்து கொஞ்சம் நகர்ந்திருக்கிறேன் என்று பதிவு செய்துகொள்கிறேன். 1859 சட்டத்தைச் சீர்திருத்தம் என்று சொன்னேன். போலீஸ் வருவாய்த் துறையிலிருந்து பிரிந்தது உண்மை. ஆனால் கலெக்டர் மாஜிஸ்திரேட்டாகவே நீடித்தார். நிர்வாகத்திலிருந்து நீதித் துறையைப் பிரிக்க வேண்டும் என்று காங்கிரஸ் ஆண்டுக்கு ஆண்டு தீர்மானம் போட்டும் வெள்ளையர் ஆட்சியில் அது முழுமையாக நடக்கவில்லை. அரசியலமைப்பில் 50-ஆவது பிரிவாக எழுதி, 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அறிக்கை எந்த முடிச்சைக் காட்டியதோ அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அவிழ்த்திருக்கிறார்கள். இதை நேற்றே யோசித்திருக்க வேண்டும்.

கமிஷனர்கள் மூவரும் கெட்ட எண்ணத்தோடு எழுதினார்கள் என்பதை மட்டும் இன்னும் ஏற்க மாட்டேன். அந்தப் பிசான மனுவை அவர்கள் அச்சிடாமல் விட்டிருந்தால் நாம் இன்று பேசியிருக்கவே முடியாது.

ஏட்டுச்சுவடி:

அதை முழு மனத்தோடு ஏற்றுக்கொள்கிறேன்.

கறுப்பு அங்கி:

மனு திரும்பி வருவதைப் பற்றிப் பேசினீர்கள். என் கட்சிக்காரர் ஒருவரின் நிகழ்ச்சி. எந்த ஊர், எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. அவருடைய மகனை விசாரணைக்கு என்று அழைத்துப்போய் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். பையனின் வலது கைவிரல்கள் மடங்கவில்லை. அந்த அம்மா மேலதிகாரிக்கு மனு எழுதினார். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. "தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காகச் சம்பந்தப்பட்ட நிலையத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது." சம்பந்தப்பட்ட நிலையம் என்றால் பையனை வைத்திருந்த அதே நிலையம். அந்தக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்தபடி என் அலுவலக நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். "அவங்களுக்கே அனுப்பிட்டாங்களேம்மா" என்பதைத் தவிர அன்று அவர் வேறொன்றும் பேசவில்லை.

பழைய 330-ஆம் பிரிவு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 120-ஆம் பிரிவு. 25, 26, 27 மூன்றும் புதிய சாட்சியச் சட்டத்தில் 23-ஆம் பிரிவுக்குள் வந்துவிட்டன. 120-ஆம் பிரிவின் கீழ் அந்த எடுத்துக்காட்டுகள் இன்னும் இருக்கின்றன. போலீஸ் அதிகாரியும் இருக்கிறார், தீர்வை பாக்கி கேட்கும் வருவாய் அதிகாரியும் இருக்கிறார். அந்த அம்மாவின் வழக்கில் நான் கொடுத்த மனுவில் அந்தப் பிரிவைத்தான் குறிப்பிட்டிருக்கிறேன். அடுத்த வாய்தா 18-ஆம் தேதி.

பொருநைக்கரை:

18-ஆம் தேதி என்ன ஆயிற்று என்று இங்கே வந்து எழுதுங்கள், அம்மா. நான் பார்த்துக்கொண்டே இருப்பேன்.